ஷஹானா வீட்டுக் குக்ரி

ஷஹானா பெரம்பலூரில் விலங்கியல் படித்தவள். அவள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். படித்து என்ன ஆயிற்று என்று கேட்டால், லப்பைக்குடிக்காட்டில் தன் புது வீட்டுக் கூடத்தில் மாலைதோறும் நடத்தும் டியூஷனைத்தான் அவளால் காட்ட முடியும். கணவன் உபைத் ஷார்ஜாவில். தனியாக இருக்காமல் மாமியார் வீட்டுக்குப் போய்விடு என்று அவன் சொல்லாத வாரமில்லை. அங்கே நாலு பிள்ளைகளை உட்கார்த்தி வைக்க இடம் கிடையாது. போனால் டியூஷன் அவ்வளவுதான்.

அன்று காலை குளியலறை மூலையில் ஒரு பாம்பு கிடந்தது. முழங்கை நீளம், உடம்பெல்லாம் பட்டை. ஷஹானா கையில் கிடைத்த உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டப்பாவை அதன்மேல் கவிழ்த்துவிட்டாள்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு மர்ஜியா கம்போடு ஓடிவந்தாள்.

"அல்லாவே, கட்டுவிரியன்டி! தள்ளு, ஒரே போடு போடுறேன்."

"இருங்க லாத்தா, பாக்குறேன்."

"பாம்ப என்னடி மாப்பிள்ள பாக்குற மாதிரி பாக்குற?"

அதற்குள் மர்ஜியாவே உபைத்தை வீடியோவில் பிடித்துவிட்டாள்.

"இதுக்குத்தான் சொன்னேன்" என்றான் அவன். "வூட்டப் பூட்டிட்டு அம்மாகிட்ட போ. விரியன் வந்த வூட்டுக்கு எவ புள்ளய அனுப்புவா?"

அந்தக் கடைசிக் கேள்விதான் ஷஹானாவையும் குடைந்தது.

ஒலிகோடான் என்ற பேரினம் நினைவுக்கு வந்தது. குக்ரிப் பாம்புகள். தரையோடு தரையாக வாழ்ந்து பல்லி முட்டை தின்பவை. ஆளைக் கொல்லும் விஷமில்லை. இந்தப் பக்கம் ஓர் இனத்துக்குக் குறுக்கே பட்டை, இன்னோர் இனத்துக்கு நீளவாக்கில் கோடு. பரீட்சையில் எழுதியிருக்கிறாள். ஆனால் கண்ணால் பார்த்தது கல்லூரி ஜாடியில். பார்மலினில் ஊறி எல்லாப் பாம்பும் ஒரே வெளுப்பு. இப்போது குக்ரி என்று தோன்றுவது படிப்பினாலா, வீட்டை விட மனமில்லாததாலா?

குனிந்து பார்த்தாள். கட்டுவிரியனுக்குக் கறுத்த உடம்பில் மெல்லிய வெள்ளை வரிகள் இருக்கும். இது பழுப்பு, பட்டைதான் கறுப்பு. தலையில் அம்புமுனை போன்ற குறிகள். எழுந்தவள் மறுபடி குனிந்து பார்த்தாள்.

"குக்ரிதான் மச்சான், விஷம் கெடையாது. ஆனா நான் தொட மாட்டேன். பயர் ஆபீஸ்காரங்க வந்து எடுத்துட்டுப் போகட்டும்."

"நல்லாத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப அம்மா வூட்டுக்கு?"

"விரியனாவே இருந்தாலும் போயிருக்க மாட்டேன். அதையும் சொல்லிடறேன்."

மர்ஜியா கம்பைச் சுவரில் சாத்தினாள். ஷஹானா அவளிடமிருந்து போனை வாங்கினாள்.

"மச்சான், லைன் போயிருச்சா?"

"இல்ல, இருக்கேன்" என்றான் உபைத். "புள்ளைங்க வர்றதுக்குள்ள அந்த பாத்ரூம் ஓட்டைக்கு ஒரு கம்பி வலை வாங்கிப் போடு."