தாய்வீட்டு ஊரின் பதிவேடு

அரசு ஊழியர் ஒருவர் அலுவல் காரணமாகக் கேட்டால், கிராமங்களின் பிறப்பு இறப்புப் பதிவேடுகளை ரிக்கார்டு அறையிலேயே உட்கார்ந்து பார்க்க அனுமதிக்க வேண்டும், கட்டணம் கிடையாது. விதி அவ்வளவுதான். எனக்கு அது மனப்பாடம். எங்கள் தாலுகா ஆபீஸில் அந்த அறைச் சாவியும் என்னிடம்தான் இருந்தது.

சுதந்திரம் வந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. சங்கரன்கோவில் சர்க்கார் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்த்துவந்த லேடி டாக்டர் ஒருநாள் கோடு போட்ட நோட்டோடு வந்தார். பிள்ளை பெற்றுச் சுகமாக வீட்டுக்குப் போன பெண்கள் பிறகு காய்ச்சல் கண்டு சாகிறார்களா என்று அவருக்குத் தெரிய வேண்டும். அப்படியானால் வார்டில் எதை மாற்றுவது என்று பார்க்கலாம். ஆஸ்பத்திரி நோட்டு, வீட்டுக்கு அனுப்பிய தேதியோடு முடிந்துவிடும். இறப்பை எழுதுவது கிராம முன்சீப். இரண்டையும் யாரும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை.

கரிவலம்வந்தநல்லூருக்குப் போய் முன்சீப்பின் ஏட்டை ஏற்கெனவே பார்த்துவிட்டார். அந்த ஊர்க்காரிகள் என்று அவர் நோட்டில் இருந்த ஒருத்தியும் இறப்புக் கணக்கில் இல்லை.

"எல்லாரும் நல்லா இருக்காங்க போல," என்றார்.

வாசலில் நின்ற எங்கள் டபேதார் சிரித்துவிட்டார். "ஏம்மா, தலைப்பிள்ளை பெத்தவ எவ புருசன் ஊர்ல கெடப்பா? நீங்க புருசன் ஊரை எழுதிருதிய. அவ தாய்வீட்டுக்கில்லா போறா! செத்தா அங்கன உள்ள நோட்டுலதான ஏறும்?"

டாக்டர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "நானும் எங்கம்மா வீட்டுலதானே கிடந்தேன்!"

வார்டு ஆயாவுக்கு ஒவ்வொருத்தியும் யார் மகள், எந்த ஊர் என்பது நினைவிருந்தது. பெண்களில் பாதிப் பேருக்கு அம்மன் பெயர். தகப்பன் பெயர் இல்லாமல் ஆள் பிடிபடாது. அதையெல்லாம் எழுதிக்கொண்டு டாக்டர் மறுபடி வந்தார். ஊர் ஊராக அலைய அவருக்கு லீவு இல்லை. எங்கள் அறையில் எல்லா ஊர் ஏட்டின் நகலும் இருந்தது.

"சித்திரைக்குள்ள பாக்கணும் சார். அப்புறம் எனக்கு மாத்தல் வந்துரும்."

நான் குறிப்பு எழுதினேன்: விதி இடம் தருகிறது, எனினும் இத்தகைய கோரிக்கை இதற்குமுன் வந்ததில்லையாதலால் மேலிடத்து உத்தரவு கோரலாம். நல்ல வாக்கியம். அதிகாரி படிக்காமலே கையெழுத்திட்டார்.

"சாவி ஒங்ககிட்ட, ரூலும் ஒங்ககிட்ட. பெறவு யார்கிட்ட அண்ணாச்சி கேக்கிய?" என்றார் டபேதார்.

"கேட்டு வச்சா நாளைக்கு யாரும் நம்மளக் கேக்க மாட்டாம்லா," என்றேன்.

டாக்டர் வாரம் ஒருமுறை வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் போனார். நானும் மூன்று நினைவூட்டல்கள் அனுப்பினேன். மாற்றல் உத்தரவுக்கு நினைவூட்டல் எதுவும் தேவைப்படவில்லை, சித்திரையிலேயே வந்தது. நோட்டை என் மேசையில் வைத்தார்.

"பதில் வந்தா நீங்களாவது பாருங்க."

பதில் இரண்டு வரி. விதி தெளிவாகவே இருக்கிறது. இப்படிப்பட்டவற்றை மேலே அனுப்புவதை இனித் தவிர்க்கவும்.

அன்றே மேலநீலிதநல்லூர் ஏட்டை எடுத்தேன். நோட்டின் முதல் பெண் அதில் இருந்தாள். அதே தகப்பன் பெயர். வீட்டுக்குப் போன பன்னிரண்டாம் நாள், காய்ச்சல். தேடத் தேட இன்னும் சிலர் அகப்பட்டார்கள். சித்திரைக்குப் பிறகு அதே வார்டிலிருந்து சுகமாக வீட்டுக்குப் போனவர்களின் பெயர்கள் அந்த நோட்டில் இல்லை.

நோட்டை அவருடைய புது ஊருக்குத் தபாலில் அனுப்பினேன். கோப்பை மூடுமுன், முறைப்படி, பதில் வந்த நாளைக் குறித்தேன். எங்கள் ஊர் அம்மனின் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு மறுநாள்.