பெண்கள் பெட்டியில் ஒரு மீசை

நேற்று வீட்டில் கொத்தவரங்காய் கிள்ளிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பச்சை வாடை மூக்கில் ஏறியதும் தாம்பரம்–பீச் மின்சார ரயிலின் பெண்கள் பெட்டி ஞாபகத்துக்கு வந்துவிட்டது. ஆம்பளைக்கு அங்கே என்ன வேலை என்று உங்களுக்குச் சந்தேகம் வரும். வரட்டும், அந்தப் பெட்டிக்கும் கடைசியில் அதே சந்தேகம்தான் வந்தது.

எண்பதுகளின் கடைசி. வீடு தாம்பரத்தை ஒட்டிய இரும்புலியூரில், அம்மாவுக்கு ஆபீஸ் நுங்கம்பாக்கத்தில், எனக்குப் பள்ளிக்கூடம் சைதாப்பேட்டையில். சின்ன வயதிலிருந்தே அம்மாவோடு பெண்கள் பெட்டியில்தான் போவேன். அங்கே பூ கட்டுவார்கள், காய் நறுக்குவார்கள், மாமியாரைத் திட்டுவார்கள். சின்னப் பையன் ஒருவன் உட்கார்ந்திருப்பதை யாரும் சட்டை செய்ய மாட்டார்கள்.

பல்லாவரத்தில் ஜெசிந்தா தன் சித்தியோடு ஏறுவாள். எதிரில் உட்கார்ந்து, நெல்லிக்காயைக் காக்காக்கடி கடித்துப் பாதியை எனக்கு நீட்டுவாள். அது காதல் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவளுக்குத் தெரியுமா என்பதில்தான். இருவரும் ஒன்பதாவது. ஆனால் என்னை ஏழாவது என்று நினைத்திருந்தாள். திருத்தினால், பெரிய பையனுக்கு இங்கே இடமில்லை என்று பெட்டியை விட்டு இறங்க வேண்டிவருமே என்று நானும் விட்டுவிட்டேன்.

அந்த வருஷம் மேலுதட்டில் கறுப்பாக ஏதோ தெரிந்தது. வகுப்புப் பையன்கள் மீசைக்கு விளக்கெண்ணெய் தடவிக்கொண்டிருக்க, நான் அப்பாவின் ரேசரால் மழித்துப் பவுடரை அப்பிக்கொண்டேன். ஆம்பளையாகாமல் இருக்க இவ்வளவு பாடுபட்டவன் தாம்பரத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். தொண்டையையும் நம்ப முடியவில்லை. யார் எது கேட்டாலும் தலையாட்டல்தான்.

ஒருநாள், மடியில் காய் நறுக்கும் அக்கா கத்தியை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

"இன்னா இவ்ளோ பவுடரு? எத்தினாவது படிக்கிற?"

அம்மா முந்திக்கொண்டாள். "ஏழாவதுதாங்க. வளர்த்தி கொஞ்சம் ஜாஸ்தி."

"நீ இரும்மா. அவனுக்கு வாய் கீதுல்ல?"

தப்பிக்க வழியில்லை. "ஏழாவது" என்றேன். முதலெழுத்து என் பழைய குரலில் வந்தது, மீதி அப்பாவின் குரலில் வந்தது. பெட்டியே சிரித்தது. ஜெசிந்தாவும் சிரித்தாள். பிறகு சட்டென்று நிறுத்தி, நெல்லிக்காயைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"நாளைலேருந்து அந்தாண்ட பொட்டில ஏறிக்கோ" என்றார் அக்கா. குரலில் கோபம்கூட இல்லை.

மறுநாள் பொதுப் பெட்டி. அதற்கும் பெண்கள் பெட்டிக்கும் நடுவில் கம்பி வலைத் தடுப்பு. வலையோரம் நின்று பல்லாவரத்துக்காகக் காத்திருந்தேன். ஜெசிந்தா ஏறினாள், என்னைப் பார்த்தாள். ஏதாவது பேசுவாள் என்று நினைத்தேன். தாவணியை இழுத்துவிட்டுக்கொண்டு, சித்தியோடு இடம் மாற்றிக்கொண்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். வலைக்கு அப்பாலிருந்து முறைக்கும் ஆண்களைக் கண்டால் பெண்கள் அப்படித்தான் செய்வார்கள். உள்ளேயிருந்து எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். என்னைப் பார்த்தும் ஒருத்தி செய்வாள் என்று தோன்றியதே இல்லை. அழுகை வந்தது. பக்கத்து ஆள் கவனிக்கிறாரோ என்று, தும்முவதுபோல் நடித்தேன்.

அந்த மீட்டர்கேஜ் வண்டிகள் போய்விட்டன. அதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. ஒரு பெட்டி நிறையப் பெண்கள் தங்கள் பாட்டுக்குச் சிரித்துப் பேசிக்கொண்டிருக்க, யாருக்கும் பயமாகத் தெரியாமல் நடுவில் உட்கார்ந்திருந்தேனே, அந்த இடம் போனதுதான் வலிக்கிறது. அதன்பிறகு எந்த வண்டியிலும் அது எனக்குக் கிடைக்கவில்லை.