கிழக்கு பார்த்த மெசின்

ஸ்ரீஸ்கந்தராசா வேலை செய்யும் பட்டறைக்கு மேலே ஐந்து மாடிகளில் வீடுகள் இருக்கின்றன. தொழிற்சாலையை நகருக்கு வெளியே துரத்தாமல், குடும்பங்களோடு சேர்த்துக் கட்டிய கட்டடம் அது. நோர்வேயில், அவர் வசிக்கும் பியோர்ண்டாலில் அவரைச் சந்தித்த எவரும் இந்தச் செய்தியைக் குறைந்தது இரண்டு தரம் கேட்காமல் தப்பியதில்லை. "என்ர மெசினுக்கு மேல அம்பது குடும்பம். ஒரு சின்னச் சத்தம் மேல போகாது!" என்பார். மெசின் என்னவோ முதலாளியுடையதுதான்.

ஐப்பசியில் அந்தப் பெருமைக்குக் கண்டம் வந்தது. மூன்றாம் மாடியில் தரை அதிர்கிறதாம், பகலில் குழந்தைகள் தூங்குவதில்லையாம். கீழ்த்தளம் குடியிருப்போர் சங்கத்துக்குச் சொந்தம். பட்டறை இங்கேயே இருப்பதா, நகருக்கு வெளியே ஸ்ட்ரோம்மனுக்கு அப்பால் போவதா என்று புதன்கிழமை மாலை வாக்கெடுப்பு வைத்தார்கள்.

அன்று மத்தியானம், தகட்டில் துளை போடும் மெசினுக்கு அடியில் சிந்திய எண்ணெயைத் துடைக்கக் குனிந்த ஸ்ரீஸ்கந்தராசா, அங்கே கண்டதில் நிமிர மறந்தார். மெசின் நிற்கும் தரையைச் சுற்றிவர ரப்பர் வைத்து, கட்டடத்திலிருந்து பிரித்துத் தனித் தீவாகக் கட்டியிருந்தார்கள். அதிர்வு மேலே ஏறாத சூட்சுமம் அதுதான். இப்போது மெசினின் ஒரு கால் ரப்பரைத் தாண்டி, கட்டடத்தின் தரையில் சொகுசாக ஊன்றியிருந்தது.

ஊன்ற வைத்தவர் அவரேதான். மூன்று கிழமைக்கு முன், ஆயுத பூசைக்கு மெசின் கிழக்கு பார்க்க வேண்டுமென்று ஜாக்கி வைத்துத் திருப்பி, சந்தனப் பொட்டும் வைத்திருந்தார்.

கூட வேலை செய்யும் ஜெனிதா எட்டிப் பார்த்தாள். "எங்கட அந்தோனியாருக்கு எந்தத் திசையும் ஓகே அண்ணை. உங்கட ஆக்களுக்குத்தான் திசைகாட்டி வேணும்."

"வாயை மூடு பிள்ளை. இப்ப என்ன செய்யிறது?"

"பேசாமல் திருப்பி வைப்பம். கேட்டால், மெசினைப் பொருத்த வந்தவன் பிழையாப் பூட்டிப்போட்டான் எண்டு சொல்லுங்கோ. ஆர் கண்டது?"

நல்ல யோசனைதான். அரை நிமிடம் அதை ஆசையோடு நினைத்துப் பார்த்தார். "அவன் நல்லாத்தான் பூட்டினவன். நான்தான் குழப்பினனான்," என்றார்.

மாலை, வேலை உடுப்போடேயே கூட்டத்தில் எழுந்தார். முப்பது வருடமாகப் பேசிய நோர்வேஜிய மொழி அன்றைக்கென்று காலை வாரியது. ஆனாலும் சரசுவதி, கிழக்கு, ஜாக்கி என்று ஒன்றும் விடாமல் ஒப்புவித்தார்.

மூன்றாம் மாடியில் குடியிருக்கும் சங்கத் தலைவி பெரித் கண்ணாடியைக் கழற்றினார். "அப்படியென்றால் உங்கள் மெசின் கிழக்கைப் பார்க்க, நாங்கள் மூன்று கிழமையாகக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தோமா?"

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு அறையே சிரித்தது.

"திருப்பி வைத்துக் காட்டுங்கள். பிறகு வாக்கெடுப்போம்."

ஜாக்கி பிடிக்க ஆறு பேர் போட்டி போட்டுக்கொண்டு இறங்கினார்கள். நாலு கால்களும் தீவுக்குள் வந்ததை அவர் மூன்று முறை அளந்தார். பிறகு மெசினை ஓட்ட ஜெனிதாவைக் கீழே விட்டுவிட்டு மூன்றாம் மாடிக்கு ஏறி, பெரித் வீட்டுத் தரையில் காதை வைத்துப் படுத்தார். பெரித்தும் பக்கத்தில் படுத்தார். ஒன்றும் கேட்கவில்லை. பொறுமை போய் ஸ்ரீஸ்கந்தராசா ஜெனிதாவுக்குத் தொலைபேசியில் அழைத்தார்.

"என்ன பிள்ளை, இன்னும் தொடங்கேல்லையோ?"

"தொடங்கிறதோ? இருபதாவது தகடு போகுதண்ணை!"

பெரித் படுத்தபடியே கையை உயர்த்தினார். வாசலில் நின்றவர்களின் கைகளும் உயர்ந்தன. பட்டறை இங்கேயேதான்.

ஸ்ரீஸ்கந்தராசா மட்டும் எழும்பவில்லை. இன்னும் உன்னிப்பாகக் கேட்பதுபோல் முகத்தைத் தரையோடு வைத்துக்கொண்டார். அந்த முகத்தை அப்போது யாருக்கும் காட்டுவதாக இல்லை.