சங்கரலிங்கம் சாரின் பெயர்ச்சொற்கள்

செய்தியைச் சொன்னவர் மாரிமுத்து. தாராவியில் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கிறார். எங்கள் ஞாயிறு வகுப்பின் பழைய மாணவர். வாஷி மார்க்கெட்டில் கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது ஃபோன் வந்தது. “மேடம், சார் போயிட்டாரு. ரோடெல்லாம் ஃபுல் ஜாம். டாக்ஸி கீக்ஸி புடிச்சிராதீங்க, ட்ரெயின்லயே வந்துருங்க” என்றார். சாவுச் செய்தியோடு சேர்த்து வழியும் சொல்லாமல் இந்த ஊர்க்காரர்களால் இருக்க முடியாது. கத்திரிக்காயைக் கூடையிலேயே போட்டுவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

சங்கரலிங்கம் சாரை அறிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். அறியாதவர்களுக்கு இரண்டு வரி. அவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தாராவியிலேயே தங்கிவிட்டவர். மாட்டுங்காவில், கிங்ஸ் சர்க்கிளுக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறையில், பேசத் தெரிந்தும் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்காக நாங்கள் இருவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ் வகுப்பு நடத்தினோம். அவர் பெயர்ச்சொல் எடுப்பார். நான் வினைச்சொல் எடுப்பேன். இந்தப் பங்கீடு சமாதானமாக நடந்ததல்ல.

அவருக்கு எல்லாம் பெயரில்தான் தொடங்க வேண்டும். வீட்டிலிருந்து ஒரு துணிப்பை நிறையச் சாமான் கொண்டுவருவார். இடுக்கி, பூட்டு, கரண்டி, நூல்கண்டு, பாக்குவெட்டி. ஒவ்வொன்றாக மேஜைமேல் வைத்து, “இதுக்குப் பேரு என்ன?” என்பார். பெயர் சொன்னால் போதாது. “ஐ சேருதா? கு சேருதா? பூட்டை, பூட்டுக்கு. சேந்தா அது பேரு. நேத்து இன்னைக்குன்னு காலம் காட்டுச்சுன்னா வினை. பேரு காலத்தைச் சொமக்காது, பாத்துக்கிடுங்க” என்பார். ஒருமுறை நான் பின்னாலிருந்து, “அப்போ ‘வந்தவன்’ சார்? அது பெயர்தானே, இறந்த காலம் காட்டுகிறதே?” என்று கிளறினேன். கொஞ்சமும் அசரவில்லை. “அது வினைக்குப் பொறந்த பிள்ளை, மேடம். தாய் சாடை இருக்கத்தானே செய்யும்!” வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். வினையாலணையும் பெயரை அதைவிடச் சுருக்கமாக விளக்க எனக்கு இன்றுவரை வரவில்லை.

என் கட்சி வேறு. நம் மாணவர்களுக்குத் தமிழில் மிஞ்சியிருப்பதே வினைதான் என்பது என் வாதம். மாரிமுத்து வீட்டில் “தர்வாஜாவைச் சாத்து” என்பார்கள். கதவு இந்திக்குப் போய்விட்டது, சாத்துவது மட்டும் தமிழில் நடக்கிறது. “தாலா போட்டியா?”, “சாபி எடுத்தியா?” என்று பூட்டும் சாவியும் அதே கதைதான். ஆகவே வினையில் தொடங்குவோம் என்றேன். சார் விடவில்லை. “தர்வாஜாவுக்கு ‘ஐ’ போட்டுச் சொல்லுதான்லா, அப்ப அதுவும் நம்ம வீட்டுப் பேருதான். வெளியூர் வினையைப் பாருங்க. அட்ஜஸ்ட் பண்ணு, கேன்சல் பண்ணுன்னுதானே சொல்லுதோம்? நம்ம வீட்டுக்குள்ள வரணும்னா அது பேரா மாறித்தான் வரணும். வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு வருத மாதிரி” என்றார்.

அவர் பிடிவாதக்காரர்தான், ஆனால் வறட்டுத் தமிழர் அல்லர். வகுப்பின் நடுவே டீ வரும். எதிரே இருக்கும் ஒரு சாமானின் பெயரைத் தமிழில் சொன்னால்தான் கிளாஸ் கைக்கு வரும் என்பது அவர் வைத்த வழக்கம். ஒருநாள், “கட்டிங் சாய் குடுங்க சார்” என்று மாரிமுத்து அரை கிளாஸ் டீக்குக் கை நீட்டினார். “அதுக்குப் பேரு என்னடே?” “உங்க வீட்டுல என்னன்னு சொல்லுவீங்க, சார்?” சார் கொஞ்சம் யோசித்துவிட்டு, “டீன்னுதாம்டே சொல்லுவோம்” என்று கொடுத்துவிட்டார். அதன்பின் அந்த வழக்கம் டீக்கு மட்டும் தளர்ந்தது.

இப்படி எல்லாவற்றுக்கும் பெயர் கேட்டவர், தன் மனைவியின் பெயரை மட்டும் சொன்னதில்லை. “வீட்டுல சொன்னா”, “வீட்டுல செஞ்சது” என்பார். வீட்டுக்குள் கூப்பிடுவது “ஏளா” என்றுதான். அந்த அம்மா அவரை “ஏங்க” என்பார், பிறரிடம் “அவுக” என்பார். அவர்கள் பக்கத்தில் அந்தத் தலைமுறைக்கு அதுதான் மரியாதை. ஒருநாள் சீண்டுவதற்காகவே, “உங்கள் வீட்டம்மா பேர் என்ன சார்?” என்று கேட்டேன். “இப்ப எதுக்கு அது?” என்று கரும்பலகைப் பக்கம் திரும்பி வேற்றுமை அட்டவணை போட ஆரம்பித்தார். காது மடல் சிவந்திருந்தது.

சென்ற ஆண்டு அவருக்குப் பக்கவாதம் வந்தது. கை கால் சீக்கிரம் தேறிவிட்டது. பேச்சில்தான் அடி. அதுவும் முழுப் பேச்சு போகவில்லை, பெயர்கள் போயின. எடு, வை, குடிக்கணும், உக்காருங்க என்று வினையெல்லாம் சரளமாக வந்தது. எதை எடுக்க, எதைக் குடிக்க என்பது வரவில்லை. வாய்வரை வந்து நின்றுவிடும். அவர் கண்ணை மூடிக்கொள்வார். மூளையில் சில இடங்களில் அடிபட்டால் இப்படிப் பெயர்கள் மட்டும் தொலைவது உண்டாம். என் கட்சி ஜெயித்துவிட்டது என்று எனக்கு அப்போது தோன்றியது உண்மை. தோன்றியதற்காக வெட்கப்பட்டேன்.

பேச்சுப் பயிற்சிக்கு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது சில நாள் நானும் துணைக்குப் போனேன். பயிற்சி கொடுத்தவர் ஒரு சின்ன வயது மராத்திப் பெண். நெருங்கிய சொற்களில் தொடங்குவது அவர்கள் முறை. “ஆப்கி பத்னி கா நாம் க்யா ஹை?” என்று சாரிடம் மனைவியின் பெயரைக் கேட்டார். சார் மேலே பார்த்தார், கீழே பார்த்தார், வாசலைப் பார்த்தார். அந்தப் பெண் முகம் வாடியது. மனைவி பெயரே மறந்துவிட்டதென்றால் நிலைமை மோசம் என்று நினைத்துவிட்டார். பக்கத்தில் இருந்த அந்த அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. “மறக்கல்லாம் இல்ல. அவுக என் பேரை எப்பமும் சொன்னதில்ல” என்றார். நான் அதை இந்தியில் சொன்னேன். “சரி, உங்கள் கணவர் பேரைச் சொல்லுங்கள்” என்று அந்தப் பெண் இப்போது அம்மாவிடம் திரும்பினார். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, “எங்க ஊருக் கோயில்ல இருக்க சாமி பேரு” என்றார். மூளைக்கு அடிபட்டவர் யார் என்று அந்தப் பெண்ணுக்கே கொஞ்சம் குழப்பம் வந்திருக்கும். இரண்டு பெயர்களையும் சொல்லவேண்டியது கடைசியில் என் வேலையாயிற்று. அம்மா கையில் இருந்த சாரின் ஆஸ்பத்திரிச் சீட்டில் பார்த்துத்தான் கோமதி என்று நானே தெரிந்துகொண்டேன்.

பயிற்சி அந்தப் பெயரிலேயே தொடங்கியது. தினமும் அம்மாவின் தோளைத் தொட்டுக்கொண்டு அவர் ‘கோமதி’ சொல்ல வேண்டும். அம்மா கதவைச் சாத்திக்கொண்டுதான் சொல்லவைப்பார். “பக்கத்து வீட்டு ஆளுக கேட்டா சிரிப்பாக, மேடம்” என்றார் என்னிடம். “இம்புட்டு வருசம் சொல்லாத பேரு. காதுல விழுந்தா என்னமோ வேற யாரையோ கூப்புடுத மாதிரி இருக்கு.”

சொல் வந்தது. வந்த சொல் போகவில்லை. வேறு எந்தப் பெயரும் வராமல், எல்லாவற்றின் இடத்திலும் அது ஒன்றே வந்து உட்கார்ந்துகொண்டது. “கோமதி குடிக்கணும்” என்றால் தண்ணீர். “கோமதி எங்க வச்சேன்?” என்றால் மூக்குக்கண்ணாடி. “கோமதியைச் சாத்து” என்றால் ஜன்னல். ஐ உருபு ஒரு இடத்திலும் பிசகவில்லை என்பதைத் தொழில் புத்தியால் கவனித்தேன். மாரிமுத்து பார்க்க வந்திருந்த அன்று வெக்கையாக இருந்தது. சார் மேலே கையைக் காட்டி, “கோமதியைப் போடுடே” என்றார். மாரிமுத்துக்கு வியர்த்துவிட்டது. அடுக்களையிலிருந்து அம்மா சிரித்துக்கொண்டே, “ஃபேனைப் போடச் சொல்லுதாக, தம்பி” என்று குரல் கொடுத்தார். கதவு திறந்துதான் இருந்தது.

இந்தப் பழக்கத்தை மாற்ற வேண்டும் என்று பயிற்சிப் பெண் சொன்னார். தண்ணீருக்குத் தண்ணீர் என்று திருத்திக்கொண்டே இருக்கச் சொன்னார். அம்மா தலையாட்டினார், ஆனால் வீட்டில் ஒருநாளும் திருத்தவில்லை. நான் கேட்டதற்கு, “இருந்துட்டுப் போட்டுமே மேடம்” என்றார். அந்த வீட்டில் அவரைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. சரியான வைத்தியமா என்றால், இல்லை. ஆனால் அந்த மாதங்களில் அந்த அம்மாள் முகத்தில் இருந்த தெளிச்சியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

சாவுச் செய்தி கேட்டு நான் போய்ச் சேர்ந்த அன்று வீட்டில் கூட்டம். வகுப்பில் இருந்தவர்களில் அநேகமாக எல்லோரும் வந்திருந்தீர்கள். அம்மாவிடம் பேச முடியவில்லை. காரியம் முடிந்த மறுவாரம் தனியாகப் போனேன். பாயில் உட்கார்ந்திருந்தார். டீ போடட்டுமா என்று கேட்டுவிட்டு, எழுந்திருக்காமலே இருந்தார். பிறகு சொன்னார்.

“மத்தியானம் சாப்ட்டுட்டு கட்டில்ல இருந்தாக. நல்லாத்தான் இருந்தாக. ‘கோமதி’ன்னாக. வேற ஒண்ணுமே சொல்லல, மேடம். குடிக்கணும்னோ, எடுன்னோ, போடுன்னோ, ஒண்ணும் இல்ல. வெறும் பேரு மட்டும். நான் தண்ணிக்காத்தான் இருக்கும்னு அடுக்களைக்கு ஓடுனேன். செம்போட திரும்பி வாரேன், தல சாஞ்சிருச்சு.”

அவர் என் முகத்தையே பார்த்தார்.

“நீங்க அவுககூட வேலை பாத்தவுக. உங்களுக்குத் தெரியும். தண்ணி கேட்டாகளா, மேடம்? இல்ல, என்னையத்தான் கூப்புட்டாகளா? பக்கத்துல இருன்னு சொன்னாகளோ என்னமோ. நான் பாட்டுக்கு எந்திரிச்சுப் போயிட்டேனே.”

எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. தெரியாததை வகுப்பில் தெரிந்தமாதிரி சொல்லி எனக்குப் பழக்கமில்லை. அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, “உங்களைத்தான் கூப்பிட்டார்மா. நீங்கள் பக்கத்தில்தான் இருந்தீர்கள், கேட்டதும் எழுந்தீர்கள், அது அவருக்குத் தெரியும்” என்றேன். அம்மா வெகுநேரம் அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அப்போதுதான்.

சங்கரலிங்கம் சாரின் துணிப்பையும் சாமான்களும் மாரிமுத்துவிடம் இருக்கின்றன. பெயர்ச்சொல் வகுப்பை இனி அவரே நடத்தட்டும். எனக்கென்று அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அவர் கடைசியாகச் சொன்ன அந்த ஒற்றைப் பெயரும், அதற்கு நான் சொன்ன பொருளும். அதைச் சரியான பொருளாகவே வைத்துக்கொண்டிருக்கிறேன்.