அவர் காட்டிய ரயில் நிலையம்

என் கணவர் இங்கிலாந்தில் இருந்த காலத்தில் எனக்குக் காட்டிய ஒரே இடம் ஒரு ரயில் நிலையம். அரண்மனையையோ கடற்கரையையோ காட்டவில்லை. தான் படுத்துத் தூங்கும் அறையைக்கூடக் காட்டவில்லை. ஞாயிறு மாலை நான் மறுநாள் வேலைக்குக் கட்டும் சேலையை இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கும்போது, அங்கே காலை வேளையில், வீடியோவில் வருவார். பின்னால் எப்போதும் அந்த நிலையம்தான்.

அழகான நிலையம். அதை நான் மறுக்கவில்லை. சிவப்புச் செங்கல் சுவர், கரும்பச்சை வண்ணம் அடித்த இரும்புத் தூண்கள், அவற்றின் தலையில் வார்ப்பிரும்பில் இலையும் கொடியும். கூரையின் ஓரம் முழுக்க மரப்பலகையைப் பல் பல்லாக வெட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். நடைமேடையில் தொட்டி தொட்டியாகப் பூக்கள். அவற்றுக்குச் சம்பளம் இல்லாமல் தண்ணீர் ஊற்ற ஊர்க்காரர்களே வருகிறார்கள் என்றார். காத்திருக்கும் அறையில் நீண்ட மர இருக்கை. உட்கார்ந்து உட்கார்ந்தே அது பளபளத்துப் போயிருந்தது.

“இந்தத் தூணப் பாரு. மழைத்தண்ணி இதுக்குள்ளயே எறங்கிப் போயிடுமாம். வெளிய ஒரு குழாய்கூடத் தெரியாது. சாந்தேக் இல்ல?”

“சாந்தேக்தான்” என்பேன். மலாய்க்காரர்கள் அழகுக்குச் சொல்லும் அந்தச் சொல்லை அவர் சின்ன வயதிலிருந்தே விட்டதில்லை.

மாமியார் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்ப்பார். “வெள்ளைக்காரன் கட்டுனா கட்டுனதுதான்லா.”

ஒருமுறை என்னால் சும்மா இருக்க முடியவில்லை. “இங்கயும் அவன்தான் கட்டுனான் அத்த. எங்க தாத்தாவுக்குத் தோட்டத்துல லயத்து வீடு கட்டிக் கொடுத்தான். அதுல இலையும் இல்ல, கொடியும் இல்ல. மழைத்தண்ணி நேரா வீட்டுக்குள்ளயே எறங்கும்.”

கணவர் சிரித்தார். மாமியார் சிரிக்கவில்லை. அவரும் அதே மாதிரி வீட்டில் பிறந்தவர்தான்.

மலாக்காவில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையை விட்டுவிட்டு என் கணவர் கிளம்பினார். சுற்றுலாப் பயணியாகத்தான் விமானம் ஏறினார். இறங்கியதும் கோழி வெட்டிப் பொட்டலம் போடும் இடத்தில் வேலை, தங்க வீடு, கொஞ்ச நாளில் முறையான தாள்கள், பிறகு குடும்பத்தையும் அழைத்துக்கொள்ளலாம் என்று ஏஜென்ட் சொல்லியிருந்தார். பட்டம் படித்த எனக்கு இதில் எது நடக்கும், எது நடக்காது என்று தெரியாதா? தெரியும். ஆனால் எல்லாம் தெரிந்த மாதிரி பேசுகிறாள் என்ற பெயர் எனக்கு அந்த வீட்டில் ஏற்கெனவே இருந்தது. அவர் முகத்தில் அவ்வளவு வெளிச்சத்தை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. அதனால் கேள்விகளைப் பாதியிலேயே நிறுத்திக்கொண்டேன்.

நான் ஜாசின் பக்கத்தில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. பாயா ரும்புட்டில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து தினமும் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே காரோட்டிப் போய் வருகிறேன். அரசாங்க வேலை. விட்டால் திரும்பக் கிடைக்காது. பள்ளியாண்டு முடிவதற்குள் அந்த வேலையை நான் ராஜினாமா செய்ய வேண்டும் என்பது அவருடைய திட்டம். ஒவ்வொரு ஞாயிறும் நிலையத்தைக் காட்டி முடித்ததும் அதைத்தான் கேட்பார். “எழுதிக் கொடுத்திட்டியா?”

“இந்த வாரம் பாக்கறேன்.”

“இதையேதான் போன வாரமும் சொன்ன.”

மாமியார் நேரடியாகச் சொல்ல மாட்டார். காய்கறி நறுக்கிக்கொண்டே, “புருஷன் இருக்குற எடத்துலதான் பொண்டாட்டி இருக்கணும். பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க ஆளா இல்ல?” என்பார். மகளுக்கு அப்போது மூன்று வயது. இருமல் வந்தால் விடாது. அந்தக் குளிரில் அவளுக்கு என்ன ஆகும் என்று நினைப்பேன். உடனே, குளிரைச் சாக்காகச் சொல்லி நான் என் வேலையைத்தான் காப்பாற்றப் பார்க்கிறேனோ என்றும் நினைப்பேன். தலைமையாசிரியை அறை வாசல்வரை இரண்டு தடவை போய்விட்டு, மாணவர் வருகையைப் பற்றி ஏதோ கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.

அப்பா காட்டும் ரயிலை நேரில் பார்க்க வேண்டும் என்று மகள் அடம்பிடித்ததால், ஒரு சனிக்கிழமை அவளைப் புலாவ் செபாங் நிலையத்துக்கு அழைத்துப் போனேன். புதிதாகக் கட்டியது. கண்ணாடி, காங்கிரீட், நகரும் படிக்கட்டு, வழுக்கிவிடும் சுத்தம். குறை சொல்ல ஒன்றுமில்லை. கீழே இறங்கிப் பார்க்க எங்களிடம் டிக்கெட் இல்லை என்பதால் வேலி ஓரம் நின்றோம். கோலாலம்பூர் ரயில் வந்தது. எல்லாரும் ஏறினார்கள், கதவு மூடியது, போய்விட்டது. மகளுக்கு வாயெல்லாம் பல். ரயில் வந்தால் ஏற வேண்டும் என்பதை அவள் அன்றுதான் கற்றுக்கொண்டாள்.

மறுநாள் அவர் வீடியோவில் வந்தபோது அவருக்குப் பின்னால் ஒரு ரயில் வந்து நின்றது. “ப்பா! ட்ரெயின் வந்துருச்சு. ஏறு!” என்று கத்தினாள்.

“இது அப்பா ட்ரெயின் இல்லடா கண்ணு. அப்பாவோடது அடுத்தது.”

அடுத்ததும் வந்தது. மாமியாருடன் பேசிக்கொண்டிருந்தார். ஏறவில்லை. “ப்பா, ஏறுலா!” என்று அவள் என் மடியில் எழுந்து நின்று திட்டினாள். மாமியார் விழுந்து விழுந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அத்தனை ஞாயிறுகளில் ஒரு தடவைகூட அவர் ரயில் ஏறி நான் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அந்த வாரம் முழுக்க எனக்கு இருந்த சந்தேகம் ஒன்றுதான். வேறொரு பெண். காட்ட முடியாத அறை, வெளியே வந்து போடும் அழைப்பு, வேறென்ன காரணம் இருக்கும்? வகுப்பில் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டே அவள் எப்படி இருப்பாள் என்று யோசித்தேன்.

அடுத்த ஞாயிறு மாமியார் கோயிலுக்குப் போயிருந்தார். மகள் தூங்கிவிட்டாள். வீடியோவில் கணவர் கூரையைக் காட்டப் போனைத் தூக்கினார். கை தவறியது. போன் சரிந்து ஒரு கணம் இருக்கைக்கு அடியைக் காட்டியது. அங்கே அவருடைய நீலப் பெட்டி இருந்தது. அதன் பக்கத்தில், கைலியில் சுற்றி முடிச்சுப் போட்டு, நான் கொடுத்தனுப்பிய சின்ன ரைஸ் குக்கர். மூடியின் கைப்பிடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

ரயில் நிலையத்துக்கு யாரும் ரைஸ் குக்கரோடு வர மாட்டார்கள்.

“வீடு எங்கங்க?” என்று கேட்டேன்.

“என்ன வீடு?”

“நீங்க தங்கியிருக்குற வீடு.”

நிலையத்தில் அறிவிப்பு ஒன்று கேட்டது. எந்த ஊருக்கோ ரயில் வருகிறதாம். அது முடிந்த பிறகுதான் பேசினார். அவர் அங்கே போன சில நாட்களிலேயே கோழித் தொழிற்சாலை வேலை போய்விட்டது. வேலை போனதும் ஏஜென்ட் கொடுத்த வீடும் போனது. நம் நாட்டு ஈப்போவிலிருந்து அங்கே வந்த ஒருவர் ராத்திரி வேலைக்குப் போகிறார். அவர் இல்லாத நேரம் அவர் கட்டிலில் இவர் படுத்துக்கொள்கிறார். வாரக் கடைசியில் அவருக்கு ஓய்வு, கட்டில் அவருக்கு வேண்டும். பெட்டியை வைக்கவும் அங்கே இடமில்லை. இந்தக் காத்திருக்கும் அறையில் ஹீட்டர் உண்டு, கழிப்பறை உண்டு, போனுக்குச் சார்ஜ் போடலாம். கடை என்றால் எதையாவது வாங்க வேண்டும். இங்கே வாங்க வேண்டாம்.

அந்தத் தூணுக்குள் தண்ணீர் எப்படி இறங்குகிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்தது இப்படித்தான். காலையிலிருந்து மாலைவரை பார்க்க வேறொன்றும் இருந்திருக்காது.

எனக்கு அழுகை வர வேண்டிய இடம் அது. கோபம்தான் வந்தது. “இதெல்லாம் வச்சுக்கிட்டா என்னை வேலைய விடச் சொன்னீங்க?”

“நீ வந்தா ரெண்டு பேரா சமாளிக்கலாம்னு நெனச்சேன். பொம்பளைங்களுக்கு இங்க வேலை சீக்கிரம் கெடைக்கும்.”

“பிள்ளை?”

அவர் கூரையைப் பார்த்தார். “அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத” என்றார்.

“நீங்க திரும்பி வந்துடுங்க. நான் எழுதிக் கொடுக்கப் போறதில்ல.”

“உனக்கு எம்மேல நம்பிக்கையே கெடையாதுலா” என்று வைத்துவிட்டார். மறு ஞாயிறு அழைக்கவே இல்லை. நான் சொன்ன விதம் தவறோ, அவர் ஏதாவது செய்துகொள்வாரோ என்று போனைக் குளியலறைவரை எடுத்துப் போனேன். சீன வருடப் பிறப்புக்கு முன்பு வந்து சேர்ந்தார்.

வந்த பிறகு நான் அறிந்துகொண்டது, எங்கள் வீட்டில் இந்தக் கதையை வேறு மாதிரி சொல்கிறார்கள் என்பது. தாள்கள் எல்லாம் தயார், குடும்பத்தைக் கூப்பிட்டார், பெண்டாட்டி வர மாட்டேன் என்றாள், மனுஷன் என்ன செய்வான், எல்லாவற்றையும் உதறிவிட்டு வந்தான். இதை அவர் சொன்னாரா, மாமியாரே கட்டிக்கொண்டாரா என்று தெரியவில்லை. அவர் மறுக்கவில்லை என்பது மட்டும் தெரியும். அம்மாவிடம் சொல்லிவிடாதே என்று அவர் கேட்டதற்காக வாயை மூடிக்கொண்டேன். அது விசுவாசமா கோழைத்தனமா என்று எனக்குப் பிரித்துப் பார்க்க வரவில்லை.

போன மாதம் மஸ்ஜித் தானா என்ற ஊரில் அவருடைய சித்தி வீட்டில் விருந்து. சாப்பிட்டு முடித்ததும் அவர் ஆரம்பித்தார். செங்கல், தூண், பூந்தொட்டி. கைகளை விரித்துக் கூரையைக் காட்டினார். இப்படி ரசித்துச் சொல்ல எங்கள் குடும்பத்தில் வேறு ஆள் இல்லை. எல்லாரும் வாயைப் பிளந்து கேட்டார்கள்.

சித்தி என்னைப் பார்த்துக் கேட்டார். “நீதான் போகமாட்டேன்னு சொன்னியாமே. வீடியோவுலயாவது பாத்தியா? அப்படி என்னம்மா அழகு அதுல?”

“உள்ள ஹீட்டர் இருக்கும் சித்தி” என்றேன். “நாள் முழுக்க படுத்துக் கெடந்தாலும் யாரும் எழுப்ப மாட்டாங்க.”

கணவர் கையிலிருந்த தேநீர்க் குவளை வாய்க்குப் பாதி வழியில் நின்றது. மாமியார் திரும்பினார். “யார எழுப்ப மாட்டாங்க?”

உண்மையைச் சொல்ல அவருக்கு இதைவிட எளிதான இடம் கிடைத்திருக்காது. நான் காத்திருந்தேன்.

“ரயிலுக்கு நிக்கிறவங்களத்தாம்மா” என்றார். “அங்க மனுஷனுக்கு அவ்வளவு மரியாதை.”

சித்தி சிரித்துவிட்டார். “பாத்தியா? ராணி மாதிரி தூங்கியிருக்கலாம். உனக்குக் கொடுத்து வைக்கல. காலங்காத்தால எழுந்து எஸ்டேட் பள்ளிக்கூடத்துக்கு ஓடுறதுதான் உன் தலையில எழுதியிருக்கு.”

“ஆமாம் சித்தி” என்றேன்.

மறுநாள் திங்கட்கிழமை. அவர் தூங்கிக்கொண்டிருந்தார். நான் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் பள்ளிக்குக் காரை எடுத்தேன்.