பத்மினிக்கு ஒரு ரிம் தேடி

வெள்ளிக்கிழமை காலை ஆறு பத்துக்குக் கோவில்பட்டியில் மதுரை பஸ் ஏறினேன். கையில் இரண்டு சாக்குகள். ஒன்றில் விரிசல் விட்ட பழைய கார் ரிம், இன்னொன்றில் பெயின்ட் வாசனை போகாத புது ரிம். என்னம்மா இதெல்லாம் என்று கண்டக்டர் கேட்டார். அது மாதிரி வேண்டும், இது மாதிரி வேண்டாம், இரண்டுக்கும் சாம்பிள் என்று விளக்கினேன். அவருக்குப் புரிந்ததாகத் தெரியவில்லை. எனக்குத் தொண்ணூறு ரூபாய், சாக்குகளுக்கு இருபது ரூபாய் டிக்கெட் கிழித்துவிட்டு நகர்ந்தார்.

மதுரை வரை நூறு கிலோமீட்டர் இருக்கிறது. அதற்குள் கதையைச் சொல்லிவிடலாம். எங்கள் கார் 1984ஆம் வருடத்துப் பத்மினி. என் வீட்டுக்காரர் நூற்பாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமையானால் காரைத் துடைப்பார். நாற்பது வருடத்தில் என் புடவையை ஒரு நாள்கூட அந்த அக்கறையோடு பார்த்ததில்லை. இரண்டு மாதத்துக்கு முன்னால் எட்டயபுரம் ரோட்டில் போகும்போது, துருப்பிடித்திருந்த முன் சக்கர ரிம்மில் விரிசல் விட்டுவிட்டது. கார் இழுத்துக்கொண்டு போய்க் கருவேல முள்ளுக்குள் நின்றது. இருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அன்று காரைவிட்டு இறங்கியவர் மறுபடி அதில் உட்காரவில்லை. உன்னைக் கொன்றிருப்பேனே என்பதே பேச்சாக இருந்தது.

ஸ்டெப்னியும் துரு ஏறிக் கிடந்ததால் போனில் சொல்லிப் புது ரிம் ஒன்றை வரவழைத்தோம். போல்ட் நான்கும் கச்சிதமாக உட்கார்ந்தன. ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் டயர் மட்கார்டில் உரசியது. விற்றவர் திருப்பி எடுக்க மாட்டேன் என்றுவிட்டார். அன்றே இவர் பழைய இரும்புக்காரரிடம் சனிக்கிழமை வந்து காரை எடுத்துப் போகச் சொல்லிவிட்டார். அப்புறம் டிவியை அணைத்துவிட்டுக்கூட அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கார் பெரிதில்லை. இந்த மனிதர் இப்படியே உட்கார்ந்துவிடுவாரோ என்றுதான் பயமாக இருந்தது. கிளம்பும்போதும் எதற்கு வீண் அலைச்சல் என்று மட்டும் சொன்னார்.

எட்டு நாற்பதுக்கு மாட்டுத்தாவணி. டவுனுக்குள் பழைய உதிரிபாகக் கடைகள் மூன்றில் ஏறி இறங்கினேன். முதல் கடையில் அம்பாசடர் ரிம்மைக் காட்டி இதுவும் அதே காலத்து ரிம்தான் என்றார்கள். அதில் ஐந்து ஓட்டை இருந்தது. மூன்றாவது கடைக்காரர் மட்டும் பத்மினி என்றால் வண்டியூரில் கோவர்த்தனன்தான், வேறு எங்கும் அலையாதீர்கள் என்று வழி சொன்னார். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம். எனக்கு டிக்கெட் கிடையாது, என் ரிம்களுக்கு மட்டும் உண்டு என்றார் கண்டக்டர். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பூக்காரம்மா சிரித்தே விட்டார்.

பத்தேகால் மணிக்குத் தெப்பக்குளம் தாண்டி அந்த ஷெட்டைக் கண்டுபிடித்தேன். கோவர்த்தனனுக்கு ஐம்பது வயதிருக்கும். போனில் வீட்டாரோடு சௌராஷ்டிர பாஷையில் பேசி முடித்துவிட்டு, இரண்டு ரிம்களையும் கவிழ்த்துப் போட்டார். விளிம்பின் மேல் குறுக்காக ஒரு இரும்புப் பட்டையை வைத்தார். அங்கிருந்து போல்ட் உட்காரும் தகடு வரை எவ்வளவு ஆழம் என்று அளந்தார். பழையதில் ஒன்பதரை சென்டிமீட்டர், புதியதில் ஏழு. நடு ஓட்டை இரண்டிலும் ஒன்றுதான்.

"எல்லாரும் பண்ற தப்புதாங்கா. நாலு போல்ட்டும் சேந்துட்டா ரிம்மு சேந்துருச்சுன்னு நெனைக்கிறாய்ங்க. இது ரெண்டரை சென்டிமீட்டர் வெளிய தள்ளி நிக்கிது. ஒரசாம என்ன செய்யும்?"

அவரிடம் ரிம் இல்லை. எனக்கு முகம் விழுந்துவிட்டது. காலையில் டீ மட்டும்தான் குடித்திருந்தேன், அழுகையும் வந்தது. நாளைக்கு இரும்புக்காரர் வருவதைச் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு யோசித்தார். பல வருடத்துக்கு முன்னால் ஒரு பத்மினியைப் பிரித்துப் பின் ஆக்சிலைச் சக்கரங்களோடு திருவாதவூரில் ஒரு மாட்டு வண்டிக்கு விற்றாராம். போன பொங்கலுக்குக்கூட அந்த வண்டி ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன் என்றார். விளக்குமாற்றிலிருந்து ஒரு குச்சியை உருவி, ஒன்பதரை சென்டிமீட்டருக்கு ஒடித்துக் கொடுத்தார்.

"இந்தக் குச்சி நீட்டாமக் கொறையாம நின்னா அது உங்க ரிம்மு. சுத்திவிட்டும் பாத்துக்கங்க, நெளிசல் இருந்தா வேணாம்."

காசு வாங்கவில்லை. கோவில்பட்டிக் கடலைமிட்டாய் இரண்டு பாக்கெட் கொண்டுபோயிருந்தேன், ஒன்றை அவரிடம் கொடுத்தேன்.

திருவாதவூர் மதுரையிலிருந்து இருபத்திரண்டு கிலோமீட்டர். பன்னிரண்டு ஐம்பதுக்கு இறங்கினேன். வண்டி யாருடையது என்று இரண்டு பேரிடம் கேட்டதிலேயே வீடு தெரிந்துவிட்டது. வைக்கோல் இறக்கிய வண்டி வேப்பமரத்தடியில் நின்றது. பாண்டியம்மாள் என்று பெயர், அறுபத்தைந்து வயது, மகனோடு சேர்ந்து இரண்டு ஏக்கர் பார்க்கிறார். நான் விஷயத்தைச் சொல்லச் சொல்லவே சக்கரத்தைப் பார்த்துவிட்டேன், நான்கு போல்ட். மகன் அச்சுக்குக் கீழே கல்லை அண்டை கொடுத்து இடது சக்கரத்தைத் தூக்கினார். சுற்றிவிட்டோம், நேராக ஓடியது. கழற்றிக் கவிழ்த்ததும் ரிம் விளிம்பில் குறுக்காக ஒரு நேர்க் கம்பியை வைத்துக் குச்சியை இறக்கினேன். நீட்டவும் இல்லை, குறையவும் இல்லை.

புது ரிம்மை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், பழையதைக் கொடுங்கள் என்றேன். மாட்டு வண்டிக்கு மட்கார்டு ஏது உரசுவதற்கு? மகனுக்குச் சம்மதம். பாண்டியம்மாள்தான் முடியாது என்று தலையை ஆட்டினார்.

"வெள்ளிக்கெழம வீட்டு இரும்பு வாசலத் தாண்டாதுத்தா. நாளைக்கி வா, தாரேன்."

என் வீட்டில் வெள்ளிக்கிழமை உப்பைக்கூட இரவல் கொடுக்க மாட்டேன். அந்தப் பேச்சுக்கு மேலே நான் எந்த வாயால் பேசுவது? என் வீட்டுக்காரர் காரில் உட்காருவதை விட்டது, இரும்புக்காரர் வருவது, எல்லாவற்றையும் சொன்னேன். பாண்டியம்மாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார். பிறகு வந்து என் சாக்கைத் தொட்டார்.

"அப்பன்னா மொதல்ல ஓம் பொருளு எம் வீட்டுக்குள்ள வரட்டும். வந்ததுக்கப்பறம் எம் பொருளு போனா, அது குடுக்குறதில்லத்தா, மாத்திக்கிறது."

புது ரிம்மை நானே தூக்கிப்போய்ச் சாமி படத்துக்குக் கீழே வைத்தேன். பக்கத்தில் மிச்சமிருந்த கடலைமிட்டாய்ப் பாக்கெட். பாண்டியம்மாள் ரிம்முக்கு ஒரு குங்குமப் பொட்டு வைத்துவிட்டு, மகனைப் பார்த்து ஆகட்டும் என்றார். ரோட்டோரப் பஞ்சர் கடையில் டயரைப் பழையதிலிருந்து புதியதற்கு மாற்ற நூற்றைம்பது ரூபாய் ஆனது. சக்கரத்தை மாட்டி வண்டியை ஒரு சுற்று ஓட்டியும் பார்த்தோம். கிளம்பும்போது, அந்த அண்ணனுக்குத் தைரியம் சொல்லு என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஏழு மணிக்கு வீடு வந்தேன். போகும்போது இரண்டு சாக்கு, வரும்போதும் இரண்டு சாக்கு. இவர் இரண்டையும் வாங்கி மூலையில் வைத்தார். குச்சியை மட்டும் எடுத்து ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

சனிக்கிழமை விடிந்ததுமே இவர் ரிம்மை எடுத்துப்போய்ப் பஞ்சர் கடையில் டயரை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். இரும்புக்காரர் வந்தபோது காருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நட்டு இறுக்கிக்கொண்டிருந்தார். எழுந்து, வெளியே நின்றபடியே கதவு வழியாகக் கையை விட்டு ஸ்டீயரிங்கை இந்தக் கடைசி, அந்தக் கடைசி என்று திருப்பினார். எங்கும் உரசவில்லை. விரிசல் விட்ட ரிம்மை இரும்புக்காரரிடம் கொடுத்து, இதை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள் என்றார். ஆனாலும் காருக்குள் ஏறவில்லை. துணியால் கையைத் துடைத்துக்கொண்டே நின்றவர் திடீரென்று என்னைப் பார்த்தார்.

"புது ரிம்மு போட்டா நாலு நாள் ஓடுன பெறகு நட்ட இன்னொரு தடவ இறுக்கணும். அந்தம்மாகிட்ட யாராச்சும் சொன்னீங்களா?"

இல்லை என்றேன்.

"பாரம் ஏத்துற வண்டி. கழண்டா என்ன ஆகுறது? செவ்வாக்கெழம போயி இறுக்கிட்டு வந்துருவோம். எம்புட்டு தூரம் இருக்கும்?"

நூற்றிருபது கிலோமீட்டர் என்றேன். அவ்வளவு தூரத்துக்கு எண்ணெய், தண்ணீர் எல்லாம் பார்க்க வேண்டுமே என்று முணுமுணுத்தபடி கதவைத் திறந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சாவியைப் போட்டார். பாண்டியம்மாள் எழுதிக் கொடுத்த போன் நம்பர் என் கைப்பையில் இருந்தது. நான் அதைப் பற்றி மூச்சு விடவில்லை.