செல்வசிங்கும் முனையற்ற ஆணியும்

அமீரகத்தின் அஜ்மானில் உள்ள பட்டறையில் செல்வசிங் இருவகைச் சவப்பெட்டிகள் செய்வார். விமானமேறி ஊர் திரும்பும் உடலுக்கு உள்ளே துத்தநாகத் தகடு பொதிந்த பெட்டி. இங்கேயே எரியூட்டப்பெறும் உடலுக்கு மரமன்றிப் பிறிதொன்றும் கலவாத பெட்டி. இரும்பாணி, பித்தளைக் கைப்பிடி, வார்னிஷ், பிளாஸ்டிக் எதுவும் தகன நிலையத்தின் விதிக்கு ஆகாது. ஆதலால் மூங்கில் முளைகளைக்கொண்டே பலகைகளைப் பிணைப்பார். குமரிக் கடற்கரைக் கிறிஸ்தவர் அவர். இறந்தவர் எச்சமயத்தாராயினும் பெட்டியை அனுப்புமுன் ஒரு ஜெபம் முணுமுணுக்கத் தவறியதில்லை.

ராஸ் அல் கைமா பீங்கான் ஆலையில் மாண்ட தொழிலாளி ஒருவருக்கான பெட்டி அன்று காலையே போய்விட்டது. இரண்டு மணிக்குத் தகனம். அந்தப் பெட்டிக்கென்று, சரக்கு அடுக்கும் பழைய பேலட் பலகைகளிலிருந்து பிடுங்கிய ஆணிகளைச் செல்வசிங் டப்பாவில் அள்ளிப் போட்டார். ஒன்று மட்டும் முனையின்றி மொட்டையாக இருந்தது. அப்படியானால் முனை பலகைக்குள்!

“நிலையத்துல பெட்டியைப் பாத்து சீல் குத்தியாச்சு, சிங்கு. கலாஸ், முடிஞ்சுது! இனி யாரு பாக்கப் போறா?” என்றார் பொறுப்பாளர் லுக்மான்.

“எரிஞ்ச பொறவு எலும்பு பொறுக்கப் போறது செத்தவருக்க தம்பியாக்கும். அந்தக் கையில ஆணி ஏறணுமாவே? வண்டிச் சாவியைத் தாரும்.”

ஒன்றரை மணிக்கு நிலையத்தை அடைந்தார். ரியாதிலிருந்து வந்திருந்த தம்பி வைரவன் செய்தி கேட்டுச் சீறினான்.

“இப்ப வந்து சொல்றீங்களேண்ணே! இந்த நேரம் தப்புனா நாளன்னைக்குத்தான். எனக்கு நாளைக்கே பிளைட்டு. பேசாம இருந்தா யாருக்குத் தெரியப் போவுது?”

“எனக்குத் தெரியுமே, தம்பி. கால் மணி நேரம் தாரும்.”

செல்வசிங் மண்டியிட்டுப் பலகை பலகையாக, கொண்டுவந்த காந்தத்தை நகர்த்தினார். கால்மாட்டில் அது கப்பென ஒட்டியது. உள்ளே கிடப்பவர் அதிரலாகாதென்று சுத்தியலைத் தொடாமல், உளியைக் கைவலுவாலேயே செலுத்தினார். வியர்வை மூக்கு நுனியில் தொங்கியது. வைரவன் தானாகவே வந்து பெட்டியை அசையாமல் பிடித்துக்கொண்டான். அரிசியளவு இரும்பு வெளிவந்தது. துளையை மூங்கில் முளையால் அடைத்தபோது மணி இரண்டாக ஐந்து நிமிடம் இருந்தது.

மறுநாள் விமான நிலையம் போகும் வழியில் வைரவன் பட்டறையில் இறங்கினான். ஒரு கையில் அஸ்திக் கலசம். மறு கையைச் செல்வசிங் முன் விரித்துக் காட்டினான்.

“ஒரு கீறல் இல்லண்ணே.”

அவர் அந்த உள்ளங்கையையே பார்த்து நின்றார். பின்னாலிருந்து லுக்மானின் குரல் முணுமுணுத்தது: “இனிமே எரிக்கிற பெட்டிக்கெல்லாம் ஆணி படாத புதுப் பலகைதான். இந்த மனுசனோட மல்லுக்கட்ட நம்மால ஏலாது.”